ஓபல் இரண்டு தட்டு சாப்பிட்டாள்

உருளைக்கிழங்கைத் தோலோடுதான் வறுக்க வேண்டும். உரித்துவிட்டால் ஓரம் மொறுமொறுப்பாக வராது, மிளகாய்த்தூளும் சரியாக ஒட்டாது. அதோடு உரிப்பது தனி வேலை. நூறு பேருக்கு ஒருத்தி உட்கார்ந்து உரித்தால் அப்புறம் அடுப்புப் பக்கம் போகவே மனம் வராது.

உட்காருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து நீங்கள் வந்தபோதும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தீர்கள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதில் ஒரு பதில் தவறு. அதைத் திருத்தத்தான் கூப்பிட்டேன். பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். எனக்கு அசதியாக இருக்கிறது.

என் பெயர் எலோய்சா மத்ரில், வயது அறுபத்திரண்டு. வேகா செக்கா பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் இருபத்தாறு வருஷம் தலைமைச் சமையல்காரியாக இருந்தேன். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் என் கையால் சாப்பிட்டவர்கள்தான். பாதிப் பேர் என்னை தியா என்று கூப்பிடுவார்கள், அத்தை முறை. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

ஹாலோவீன் அன்று எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஊர் விருந்து நடக்கும். இரண்டு வண்டிகளையும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீளமாக மேஜை போடுவார்கள். சூப்பு, ரொட்டி, பூசணியில் செய்கிற பை என்கிற இனிப்பு எல்லாம் யார் யாரோ கொண்டுவருவார்கள். மிளகாய் உருளைக்கிழங்கு மட்டும் என் பொறுப்பு. பதினேழு வருஷமாக நான்தான் செய்தேன். என்னை யாரும் கேட்பதுகூட இல்லை. விருந்துக்கு மூன்று நாலு நாள் முன்னால் நெஸ்டர் கின்டானா வந்து வாசலில் இரண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போவான். அவனுக்கு உருளைக்கிழங்குப் பண்ணை. தீயணைப்பு நிலையத்துக்கும் அவன்தான் தலைவன். சின்ன வயதில் கேன்டீனில் பட்டாணியைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கிவைக்கிற பையன்.

அந்த வருஷமும் இறக்கினான். அது செவ்வாய்க்கிழமை. விருந்து வெள்ளிக்கிழமை.

அக்டோபர் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கில் களைப்பில்லாத ஆளைப் பார்க்க முடியாது. அறுவடை முடிகிற சமயம். கேன்டீனில் எனக்கு உதவிக்கு இருந்த இரண்டு பெண்களும் கிழங்கு பிரிக்கிற வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலி அதிகம், போனது தப்பில்லை. அந்த வாரம் இருநூறு பிள்ளைகளுக்கு நான் ஒருத்தியே சமைத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் மாலையில் பெற்றோர் கூட்டம், அதற்கும் சாப்பாடு. கிழங்கு வேலையைச் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டால் வெள்ளிக்கிழமை கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தேன். உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே அப்போது எனக்கு இல்லை.

கழுவி, ஒவ்வொன்றையும் அலுமினியத்தாளில் சுற்றி, என் வீட்டு ஓவனில் நாலு தடவையாக வேகவைத்தேன். சுற்றி வேகவைத்தால் உள்ளே ஈரம் நிற்கும், வெள்ளிக்கிழமை வெட்டி மசாலாவில் புரட்டி ஓவனின் மேல்சூட்டில் முறுகவிட்டால் போதும். ஃபிரிட்ஜ் ஒரு ஆளுக்கான ஃபிரிட்ஜ். அதில் பத்துக் கிழங்குகூடக் கொள்ளாது. பள்ளிக்கூடத்து ஃபிரிட்ஜில் பெற்றோர் கூட்டத்துச் சாமான். அதனால் தாளோடு அப்படியே பின்னறை மேஜையில் அடுக்கித் துணி போட்டு மூடினேன். வீட்டைச் சூடாக்குகிற ஹீட்டர் அந்த அறையில்தான் இருக்கிறது. மூன்று நாள் அங்கேயே இருந்தன.

அன்று நீங்கள் கிழங்கை எப்போது சமைத்தீர்கள் என்று கேட்டீர்கள். விருந்தன்று மத்தியானம் என்று சொன்னேன். தவறான பதில் அதுதான்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். ஆகஸ்ட் மாதம் கேன்டீனுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். உங்கள் அலுவலகத்திலிருந்து வருகிற தாளைச் சுவரில் ஒட்டுவதும் நான்தான். அலுமினியத்தாளில் சுற்றி வெந்த கிழங்கைச் சூடான இடத்தில் வைக்கக் கூடாது, காற்றுப் புகாத இடத்தில் விஷம் ஊறும், நாக்குக்குத் தெரியாது, ஆளைக் கொல்லும். ஒவ்வொரு வருஷமும் இதை ஒரே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன். அத்தனை வருஷம் ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் அது அந்தப் பெண்களுக்கான விதியாகவே ஆகிவிடுகிறது. எனக்கும் அது பொருந்தும் என்று தோன்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வரும்போது நாலேகால் மணி. விருந்து ஐந்துக்கு. தாளைப் பிரித்து வெட்டினேன். பன்றிக்கொழுப்பை உருக்கி, பூண்டு, சீரகம், ஓரிகானோ, இந்த ஊர் மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துப் புரட்டி மூன்று டிரேயில் பரப்பினேன். ஒவ்வொரு டிரேயும் பத்து நிமிஷம் மேல்சூட்டில் நின்றது. மேலே முறுகிவிட்டது, உள்ளே சரியாகச் சூடேறியிருக்காது. மூன்றாவது டிரேக்கு வெட்டிய கிழங்கில் சிலது கத்தியில் வழுக்கியது. வாடை எதுவும் இல்லை. சாதாரணமாக இல்லை, அவ்வளவுதான். அந்த டிரேக்கு மிளகாய்த்தூள் இன்னும் ஒரு கை போட்டேன்.

எப்போதும் டிரேயை எடுத்ததும் ஒரு துண்டை வாயில் போட்டு உப்புப் பார்ப்பேன். அன்று போடவில்லை. பசியில்லை.

நிலையத்தில் எல்லா வருஷமும் போலத்தான். வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வெளியே கார்களின் டிக்கியைத் திறந்துவைத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெஸ்டர் சோளக்கொல்லை பொம்மை வேஷம் போட்டு, சட்டைக் கையிலிருந்து வைக்கோல் உதிர உதிர எல்லோரையும் வரிசையில் நிறுத்தினான். ஓபல் ஹட்சின்ஸ் வழக்கமான சூனியக்காரித் தொப்பியில் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டியவள் ஓபல். காலையில் முதலில் வருகிற இரண்டு பேர் நாங்கள்தான். ஆறு மணிக்கு என் அடுப்படியில் நின்று காபி குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அப்படி இருபது வருஷம். எனக்குச் சிநேகிதி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

மேரன் லிண்ட்குவிஸ்டும் வந்திருந்தாள். அவளும் அவள் கணவன் கோல்பியும் நகரத்திலிருந்து வந்து ஒரு பழைய பண்ணையை வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தோட்டத்தில் விளைவதையெல்லாம் கண்ணாடி ஜாடியில் அடைத்துச் சனிக்கிழமைச் சந்தையில் விற்பாள். அன்று அவள் ஜாடியில் அடைத்த பீன்ஸில் வெங்காயமும் வினிகரும் போட்டு ஒரு சாலட் செய்து கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை. புது ஆள் கொண்டுவந்ததை இந்த ஊர் முதலில் தொடாது.

ஒரு தட்டில் வைத்து என்னிடம் வந்தாள். "மிஸஸ் மத்ரில், கொஞ்சம் சாப்பிட்டுப் பாத்துச் சொல்றீங்களா? நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் இங்க மத்தவங்க கை வைப்பாங்க."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள், விருந்து முடிவதற்குள் சாலட் தீர்ந்துவிட்டது. அன்று விருந்தில் நான் சாப்பிட்டது அந்த ஒரு தட்டு பீன்ஸ் மட்டும்தான்.

பீன்ஸ் சாப்பிட்டீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை என்றேன். தவறான பதில் இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கிழங்குக்கு வரிசை நீளமாக இருந்தது. காரம் என்று பிள்ளைகள் யாரும் வரவில்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் கிடையாது. அந்தக் காரம் நான் போட்டதுதான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு டிரே சீக்கிரம் காலியானது. மூன்றாவது டிரேயை எடுத்துவைத்தபோது ஓபல் தட்டோடு இரண்டாம் தடவை வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"என்னடி எலோ, மிளகா மூட்டையையே கவுத்துட்டியா?"

"பிடிக்கலன்னா வச்சிரு."

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? போடு. ஓரத்துல கருகினதாப் பாத்துப் போடு. சின்னப் புள்ளைக்கு வைக்கற மாதிரி வைக்காத."

கரண்டி கையில் இருந்தது. இது வேண்டாம், அந்த சாலட்டைச் சாப்பிடு என்று சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஓபல் லேசில் விடுகிறவள் இல்லை. அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்குக் கால் கடுத்தது. கருகினதாகப் பார்த்து இரண்டு கரண்டி போட்டேன். அவளுக்குப் பின்னால் நெஸ்டர் நின்றான். அவனுக்கும் போட்டேன். எதிர்வீட்டு ஆர்ச்சுலேட்டா தம்பதிக்கும் போட்டேன். அதற்குள் பூசணிப் பையை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள், வரிசை கலைந்துவிட்டது. மீதியை நான் குப்பையில் கொட்டினேன். கொட்டியிருக்கிறேன், பார்த்தீர்களா. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓபலுக்கு முடியாமல் போனது. அவளை நான்தான் என் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதைப் பிறகு சொல்கிறேன். திங்கட்கிழமை ஆர்ச்சுலேட்டா தம்பதி போனார்கள். செவ்வாய்க்கிழமை நெஸ்டர். நாலு பேருக்கும் இமை தொங்கியது, நாக்குத் தடித்தது, பிறகு கை, பிறகு மூச்சு. ஓபலுக்கு முதலில் பக்கவாதம் என்றுதான் பார்த்தார்கள். நெஸ்டர் வந்த பிறகுதான் உணவில் விஷம் என்று கண்டுபிடித்து முறிமருந்தை விமானத்தில் வரவழைத்தார்கள். நெஸ்டருக்கும் அந்தத் தம்பதிக்கும் அது சரியான சமயத்தில் போனது. ஓபல் அதற்கு முன்பே இரண்டு நாளாகச் சுவாச இயந்திரத்தில் இருந்தாள். முறிமருந்து மேற்கொண்டு கெடாமல் நிறுத்தும், போனதைத் திருப்பித் தராது என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வராந்தாவில் என்னிடம் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றும் சொன்னார். நல்ல மனிதர். எனக்குக் காபி வாங்கித் தந்தார்.

நீங்கள் புதன்கிழமை வந்தீர்கள். என் சமையலறையில் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காது. பின்னறையில் மிச்சமிருந்த கிழங்கை நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மலைப்பக்கக் குப்பைக்கிடங்குக்கு எடுத்துப்போய்விட்டேன். மேஜை, டிரே, கத்தி எல்லாவற்றையும் பிளீச் போட்டுத் தேய்த்தேன். நான் எப்போதும் சமையலறையைச் சுத்தமாக வைத்திருப்பவள், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மேரனைப் பற்றி நான் பொய் எதுவும் சொல்லவில்லை. சரியாகக் கொதிக்கவைக்காமல் அடைத்த ஜாடியிலும் இதே விஷம் ஊறும் என்பதால், விருந்தில் வீட்டில் அடைத்த பண்டம் ஏதாவது இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது என்றேன். யார் என்று கேட்டீர்கள். சொன்னேன். அவ்வளவுதான். மற்றதை அவளே செய்துகொண்டாள். தன் நிலவறையிலிருந்த ஜாடிகளையெல்லாம் வண்டியில் ஏற்றி உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தாளே, நினைவிருக்கும். அவற்றில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் விருந்தில் காலியான ஜாடிகளை அவள் கழுவிவைத்துவிட்டாள். நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் எழுதினீர்கள். நான் படித்தேன். இந்த ஊர் அதைப் படிக்கவில்லை. தபால் நிலையத்து வரிசையிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஓபல் பதினெட்டாம் நாள் இறந்தாள். அடக்கத்துக்குப் பிறகு நடந்த விருந்தில் ஒருவரும் வீட்டில் சமைத்தது எதையும் கொண்டுவரவில்லை. எல்லாம் கடையில் வாங்கிய பொட்டலம். மேரன் மாதா கோயிலுக்குள் வராமல் வெளியே காரின் பக்கத்தில் நின்றாள். பனி பெய்துகொண்டிருந்தது. நான் வெளியே போய் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேசினார்கள். செத்தது யாருடைய சிநேகிதி, கை கொடுத்தது யார் பாருங்கள் என்று பாதிரியார்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். நான் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. அவள் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

சந்தையில் அவள் கடை போய்விட்டது. அது பரவாயில்லை, இரண்டு மாதம் கழித்து அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் கோல்பி இங்கே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை.

"அவ எதையுமே தொட மாட்டேங்கறா, மிஸஸ் மத்ரில். அவ செஞ்சதும் சரி, நான் செஞ்சதும் சரி. டின் சூப்பத் தொறந்து வச்சாக்கூட மோந்து பாத்துட்டு எடுத்துட்டுப் போங்கறா. நேத்து மாடிப்படி ஏறி வரப்ப விழுந்துட்டா. உங்க கையால சமைச்சா சாப்பிடறேன்னு சொல்றா. உங்களத்தான் நம்பறா. எனக்கு இத வந்து கேக்க வாயே வரல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்ககிட்ட கேக்கறது."

மறுநாளிலிருந்து போக ஆரம்பித்தேன். முதலில் வாரத்துக்கு இரண்டு தடவை. அப்புறம் தினமும். போன வருஷம் கேன்டீன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவள் கண்ணுக்கு முன்னால் சமைக்க வேண்டும். முதல் கவளத்தை நான் சாப்பிட வேண்டும். அப்புறம்தான் அவள் எடுப்பாள். மெலிந்து போய்விட்டாள், மணிக்கட்டு இவ்வளவுதான் இருக்கிறது. அவளுக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும். நான் வேகவைத்து உடனே கொடுத்துவிடுவேன். ஒரு நிமிஷம்கூட வெளியே வைப்பதில்லை. அந்த விஷயத்தில் நான் மிகவும் கவனம்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் ஓபலைப் பற்றி ஆரம்பிப்பாள். இரண்டு வருஷமாக ஒரே பேச்சு. தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி பேசினாள்.

"நீங்க எப்பிடி என் மூஞ்சியப் பாக்கறீங்க? எனக்கே கண்ணாடியப் பாக்க முடியல."

"களைப்பா இருந்தா யாருக்கும் தப்பு நடக்கும் மேரன். அத மனசுல வச்சிக்காத."

"நான் அன்னிக்குக் களைப்பா இல்லியே, மிஸஸ் மத்ரில். ஜாடி அடைக்கறப்ப ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் கொதிச்சதுன்னு மணி பாத்து எழுதி வச்சேன். அந்த நோட்டு இன்னும் இருக்கு. எங்க விட்டேன்னு தெரிஞ்சாலாவது பரவால்ல. தினமும் எடுத்துப் பாக்கறேன். எதையுமே விடல."

"ஏதோ ஒண்ணு விட்டிருக்கும். எழுத மறந்திருப்ப."

"ஆமா," என்றாள். "அப்பிடித்தான் இருக்கணும்." பிறகு கேட்டாள். "நீங்க என்ன மன்னிச்சிட்டீங்களா?"

"எப்பவோ மன்னிச்சிட்டேன்," என்றேன்.

அந்த வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டாள்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் விஷயம் அது இல்லை. என் முட்டி இரண்டும் போய்விட்டது. அவள் வீட்டுக்கு இங்கிருந்து நாலு மைல். பனிக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் ஒரு வேளை போகாவிட்டால் அவள் அந்த வேளை பட்டினி. போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள். கோல்பி வந்து என் படுக்கை ஓரத்தில் நின்றுவிட்டுப் போனான். இப்படியே போனால் நான் முடியாமல் விழுகிற அன்று அவளும் போய்விடுவாள். அவளுடைய பீன்ஸில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அவளே சமைத்துக்கொள்வாள். எனக்கும் மத்தியானத்தில் கொஞ்சம் படுக்க முடியும். நீங்களே போய் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். அவளுக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்து இன்னும் அழுவாள்.

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன் என்றேன்.

காலை எட்டு மணி. கோயிலுக்குப் போகிற வழியில் ஓபலுக்கு ரொட்டி கொடுக்க நின்றேன். கதவைத் திறந்தாள். ஒரு விரலால் வலது கண் இமையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வாங்கடி ரெண்டு பேரும்," என்றாள். "ரெண்டு எலோ தெரியுது. ஒருத்தியையே சமாளிக்க முடியல எனக்கு."

நான் சிரித்தேன். அவள் விரலை எடுத்ததும் இமை தானாக விழுந்தது. இமை, இரட்டைப் பார்வை, தடித்த நாக்கு. வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற அதே வரிசை. எனக்கு அந்த வாசலிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அவள் கோட்டை நானே மாட்டிவிட்டு, காரில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, நாற்பது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியில் தொண்டை காய்ந்துகிடக்கிறது, எல்லாம் உன் மிளகாய்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குள் நுழைந்தபோது பேசவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் வந்தாள். இளம் வயது. ஹாலோவீன் மிச்சமாகக் காதில் பூசணித் தோடு போட்டிருந்தாள். பொறுமையான பெண். கீழே குனிந்து ஓபலின் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"இந்த ரெண்டு நாள்ல என்ன சாப்பிட்டீங்கம்மா? வழக்கமா சாப்பிடாதது ஏதாவது?"

ஓபல் வாயைத் திறந்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. மறுபடி முயற்சி செய்தாள். சிரமப்பட்டு, நாக்கைப் புரட்டிப் புரட்டி, ஒரு வார்த்தை. கிழங்கு என்றுதான் சொன்னாள். அடுத்து என் பெயரையும் சொன்னாள். பழகாத காதுக்கு அது வெறும் முனகல். இருபது வருஷம் காலையில் கேட்ட குரல், எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றாங்க? உங்களுக்குப் புரியுதா?"

"பூனையக் கேக்கறா," என்றேன். "வீட்டுல தனியா இருக்காம்."

ஓபலிடம் பூனை கிடையாது.

"பூனைய உங்க சிநேகிதி பாத்துக்குவாங்கம்மா, கவலைப்படாதீங்க," என்று நர்ஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு என்னிடமே மற்றதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். சூப்பு, ரொட்டி, பை என்று சொன்னேன்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சொன்னால் அன்று முழுக்க ஒவ்வொருத்தருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அவர்கள் டாக்டர்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கண்டுபிடித்தார்கள், செவ்வாய்க்கிழமை.

ஓபல் கையைத் தூக்கி, விரலால் இமையைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த விஷம் மூளையைத் தொடாது. அப்புறம் கை தானாகக் கீழே இறங்கியது. நர்ஸ் அவள் பெயரைக் கேட்டபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறந்த தேதியைக் கேட்டபோது உதடும் அசையவில்லை. அந்த வார்த்தையை அவள் மறுபடி சொல்லவே இல்லை.

எனக்கு ஓபலைத் தெரியும். பேச்சு வந்திருந்தாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.